கையும் கண்ணும் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

‘அவன் உதட்டைப் பிதுக்கினான்.’ ‘அத்தை வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.’ ‘கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.’ தமிழ் தெரிந்த யாருக்கும் இந்த மூன்றுக்கும் விளக்கம் வேண்டாம். இதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆங்கில வழியில் படித்தவர்கள்கூடத் திணறுகிறார்கள். ஹாப்பி, சாட், ஆங்ரி என்று உணர்ச்சிகளின் பெயர்களைப் பாடப்புத்தகம் சொல்லிக்கொடுத்துவிட்டது. அந்த உணர்ச்சி வரும்போது உடம்பு என்ன செய்கிறது என்பதற்கான வினைச்சொற்களை யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் ஒரு கதை எழுதினாலும், அலுவலகத்தில் நடந்த ஒரு சந்திப்பை விவரித்தாலும் ‘ஹி வாஸ் ஆங்ரி’ என்பதோடு நின்றுவிடுகிறோம்.

இத்தனைக்கும் ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் ஏராளம். எந்த ஆங்கில நாவலையும் பத்துப் பக்கம் புரட்டினால் யாராவது ஒருவர் ‘ஷ்ரக்’ செய்திருப்பார், இன்னொருவர் ‘ஃப்ரௌன்’ செய்திருப்பார். வாசிக்கும்போது ஒரு மாதிரி ஊகித்துக் கடந்துவிடுகிறோம். எழுதும்போதும் பேசும்போதும்தான் கைவிடுகிறது.

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் இவை நிற்காது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொன்றையும் உடம்பால் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் எந்தச் சொற்கள் வரும் என்பதையும் கூடவே பிடித்துக்கொள்ள வேண்டும். எந்த மனநிலையில் அதைச் செய்வார்கள் என்பது மூன்றாவது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சொல் நம் சொல்லாகும். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து படித்தால் இன்னும் நல்லது. சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்; எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் படி: தலையிலிருந்து தொடங்குங்கள்

‘தலையை ஆட்டினான்’ என்று தமிழில் சொன்னால் சரி என்றானா, மாட்டேன் என்றானா என்பது முன்பின் வரும் வரிகளில்தான் தெரியும். ஆங்கிலத்தில் இந்த வசதி கிடையாது. மேலும் கீழும் அசைந்தால் ‘நாட்’, அதாவது சம்மதம். இடமும் வலமும் அசைந்தால் ‘ஷேக்’, அதாவது மறுப்பு. ஆகவே தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர் முதலில் அர்த்தத்தை முடிவு செய்துகொண்டுதான் வினைச்சொல்லைத் தொட வேண்டும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ‘ஷி நாடட்’ என்றாலே போதும், தலையைக் குறிப்பிடத் தேவையில்லை. ஷேக் அப்படி இல்லை. ‘ஷி ஷுக் ஹர் ஹெட்’ என்று தலையைச் சொல்லியாக வேண்டும். வெறுமனே ‘ஷி ஷுக்’ என்றால் அவள் உடம்பு நடுங்கியது என்று ஆகிவிடும்.

நாம் இடமும் வலமுமாகத் தோள் பக்கம் சாய்த்துச் சாய்த்து ஆட்டுகிறோமே, ‘ம், சரி, கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று, அது நாடும் இல்லை ஷேக்கும் இல்லை. வெளிநாட்டவர் அதற்கு ‘ஹெட் வாபிள்’ அல்லது ‘ஹெட் பாபிள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கதையில் எழுதும்போது அந்தப் பெயரைவிட ‘ஷி டில்டட் ஹர் ஹெட் ஃப்ரம் சைட் டு சைட்’ என்று விவரிப்பதே எனக்குப் பிடிக்கும். வாபிள் என்பது வெளியிலிருந்து பார்ப்பவரின் சொல். நம் பாட்டி தலையசைப்பதை அப்படி எழுத மனம் வராது.

தலையசைப்புக்கு எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம்தானா என்பது பழைய கேள்வி. 1867-ல் சார்லஸ் டார்வின் 16 கேள்விகளை அச்சடித்து உலகின் பல பகுதிகளுக்கு அனுப்பினார். சம்மதத்துக்குத் தலையை மேலும் கீழும், மறுப்புக்குப் பக்கவாட்டிலும் அசைக்கிறார்களா என்பது அதில் ஒன்று. தன்னால் ஆகாது என்று காட்ட ஒருவர் தோளைக் குலுக்குகிறாரா என்பது இன்னொன்று. கல்கத்தா தாவரவியல் தோட்டத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும்கூட அவருக்குப் பதில்கள் போயின. மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்படும் விதம் பற்றி 1872-ல் அவர் வெளியிட்ட நூலுக்கு அந்தப் பதில்கள் உதவின. ஐரோப்பாவிலேயே பல்கேரியாவில் நாட் மறுப்பாகவும் ஷேக் சம்மதமாகவும் இருப்பது பலருக்கும் தெரிந்த விஷயம்.

தலைக்கு இன்னும் சில சொற்கள். குற்ற உணர்விலோ அவமானத்திலோ தலை குனிந்தால் ‘ஹங் ஹிஸ் ஹெட்’. மரியாதைக்காகக் குனிந்தால் ‘பௌ’; இதே எழுத்துக்கூட்டலைப் ‘போ’ என்று உச்சரித்தால் வில், கவனம். முடி பறக்கத் தலையைச் சிலுப்பினால் ‘டாஸ்’. ‘அங்கே பார்’ என்று தலையை மட்டும் வெட்டிக் காட்டினால் ‘ஜெர்க்’.

இரண்டாம் படி: யாருடைய தலை என்று சொல்லுங்கள்

இலக்கணம் சின்னது, பிழை அடிக்கடி வருவது. ‘கண்ணை மூடினான்’ என்கிறோம்; ‘அவனுடைய கண்ணை’ என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தில் ‘ஹி க்ளோஸ்ட் ஹிஸ் ஐஸ்’ என்று உடைமையைச் சொல்லியே தீர வேண்டும். ‘ஹி க்ளோஸ்ட் த ஐஸ்’ என்றால் படிப்பவர் யாருடைய கண் என்று தேடுவார். ‘பிட் ஹர் லிப்’, ‘கிளெஞ்ச்ட் ஹிஸ் ஃபிஸ்ட்ஸ்’, ‘ரெய்ஸ்ட் மை ஹேண்ட்’ எல்லாம் இப்படியே.

அடுத்தவர் உடம்பைத் தொடும்போது விதி திரும்பிவிடும். முதுகில் தட்டிக்கொடுத்தால் ‘பேட்டட் ஹிம் ஆன் த பேக்’. கண்ணுக்கு நேராகப் பார்த்தால் ‘லுக்ட் ஹிம் இன் தி ஐ’. ஆளை முதலில் சொல்லிவிட்டதால் உறுப்புக்கு ‘த’ போதும். கைகுலுக்குவது மட்டும் தனி ரகம். ‘ஷுக் ஹேண்ட்ஸ்’ என்று பன்மையில் வரும், ‘ஹிஸ்’ஸும் வேண்டாம் ‘த’வும் வேண்டாம். இரண்டு கைகள் சேர்ந்தால்தானே குலுக்கல்.

மூன்றாம் படி: கண்

இங்கேதான் நிதானமாக இருக்க வேண்டும். பார்ப்பதற்கு மட்டும் ஆங்கிலத்தில் ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. தமிழிலும் முறைப்பது, வெறிப்பது, உற்றுப்பார்ப்பது, எட்டிப்பார்ப்பது, ஓரக்கண்ணால் பார்ப்பது என்று குறைவில்லாமல் இருப்பதால் நமக்கு இது கஷ்டமில்லை. இரண்டு பக்கத்தையும் சரியாகக் கோக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோபமாக முறைத்தால் ‘க்ளேர்’. கண்ணெடுக்காமல் பார்த்தால் ‘ஸ்டேர்’. வெறிப்பது, ஆவென்று பார்ப்பது, நாகரிகமில்லாமல் பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும். அதே நீண்ட பார்வையில் அன்போ வியப்போ இருந்தால் ‘கேய்ஸ்’. நிலாவையும் காதலியையும் கேய்ஸ் செய்வார்கள். தெருவில் போகிறவரை ஸ்டேர் செய்தால் அவருக்குப் பிடிக்காது. சட்டென்று ஒரு பார்வை வீசினால் ‘க்ளான்ஸ்’. ‘க்ளிம்ப்ஸ்’ இதிலிருந்து வேறு. க்ளான்ஸ் நாமாகச் செய்வது, க்ளிம்ப்ஸ் தற்செயலாகக் கண்ணில் பட்டுவிடுவது. அதனால்தான் ‘காட் எ க்ளிம்ப்ஸ்’ என்று பிடிப்பதாகச் சொல்கிறார்கள். ஒளிந்து எட்டிப்பார்ப்பது ‘பீக்’. இருட்டிலோ, கண்ணாடி இல்லாமலோ, சிரமப்பட்டு உற்றுப்பார்ப்பது ‘பியர்’. வெயிலில் கண்ணை இடுக்குவது ‘ஸ்க்விண்ட்’.

இமைப்பது ‘ப்ளிங்க்’, கண்ணடிப்பது ‘விங்க்’. இரண்டும் கண்ணை மூடித் திறப்பதுதான், ஆனால் மாற்றி எழுதினால் கதையே மாறிவிடும். ப்ளிங்க் தானாக நடக்கும், இரண்டு கண்ணிலும். விங்க் வேண்டுமென்றே, ஒரு கண்ணில். மேலதிகாரி நம்மைப் பார்த்து ப்ளிங்க் செய்தால் அவர் களைத்திருக்கிறார். விங்க் செய்தால் ஏதோ ரகசியம் இருக்கிறது.

அடுத்தது, தமிழர்கள் அதிகம் ஏமாறும் இடம். ‘கண்ணை உருட்டினார்’ என்றால் நமக்கு மிரட்டல். விருந்தாளி முன்னால் குழந்தை இரண்டாவது மைசூர்பாகுக்குக் கை நீட்டும்போது அம்மா செய்வது. ஆங்கிலத்தில் ‘ரோல்ட் ஹர் ஐஸ்’ என்றால் சலிப்பு. ‘ஆரம்பிச்சுட்டாரு’ என்று கண்மணியை மேலே சுழற்றுவது. அம்மாவின் உருட்டலுக்கு ‘வைடண்ட் ஹர் ஐஸ் இன் வார்னிங்’ என்றோ, வெறுமனே ‘க்ளேர்ட்’ என்றோ எழுத வேண்டும். திருதிருவென முழிப்பதற்கு ஒற்றைச் சொல் இல்லை. குழப்பமென்றால் ‘ப்ளிங்க்ட் இன் கன்ஃப்யூஷன்’ சரியாக வரும். மாட்டிக்கொண்ட முழியென்றால் ‘கில்ட்டிலி’ சேர்த்து எழுதலாம்.

நான்காம் படி: புருவமும் வாயும்

புருவத்தைச் சுருக்கினால் ‘ஃப்ரௌன்’. ஆனால் பிரிட்டனில் ஃப்ரௌன் நெற்றியில் நடக்கிறது. அமெரிக்காவில் பலருக்கும் அது வாயில் நடக்கிறது, உதட்டோரங்கள் கீழே வளைந்து, ஸ்மைலுக்கு நேர் எதிராக. படிக்கும் கதை எந்த நாட்டுடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரௌனில் யோசனையும் இருக்கலாம். கோபமே முகமெல்லாம் இருந்தால் ‘ஸ்கௌல்’. புருவத்தை உயர்த்துவது ‘ரெய்ஸ்ட் அன் ஐப்ரோ’. நம்ப முடியவில்லை, அல்லது எனக்கு இது சரியாகப் படவில்லை. நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்தால் ‘ரிங்கிள்ட் ஹர் நோஸ்’. ரிங்கிள், ரிஸ்ட், கையைப் பிசையும் ‘ரிங்’ ஆகிய மூன்றும் டபிள்யூவில் தொடங்கும், அந்த எழுத்து ஒலிக்காது. நக்கிள், நீல் இரண்டிலும் முன்னால் நிற்கும் கே இதே மாதிரி.

சிரிப்புக்கு வருவோம். ஸ்மைல் எல்லோருக்கும் தெரியும். பல் தெரியச் சிரித்தால் ‘க்ரின்’. முகமே ஒளிரும்படி பூரித்தால் ‘பீம்’. பரிசு வாங்கிய பிள்ளையைப் பெற்றவர் செய்வது. ‘பார்த்தாயா, நான் சொன்னேன்ல’ என்ற மமதையோடு ஒரு ஓரமாகச் சிரித்தால் ‘ஸ்மர்க்’. மேலுதடு ஏறி இகழ்ச்சி தெரிந்தால் ‘ஸ்னியர்’. இந்த இரண்டும் கெட்ட சிரிப்புகள். நண்பரின் படத்துக்குக் கீழே பாராட்டாக நினைத்து ‘நைஸ் ஸ்மர்க்’ என்று எழுதிவிடக் கூடாது. ஒலியோடு வருபவற்றில், தனக்குள் சிரிப்பது ‘சக்கிள்’, களுக்கென்று சிரிப்பது ‘கிகிள்’, அடுத்தவரைக் கேலி செய்து கமுக்கமாகச் சிரிப்பது ‘ஸ்னிகர்’.

வாயில் இன்னும் இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, தொடக்கத்தில் சொன்ன உதட்டைப் பிதுக்குவது. அகராதி பார்த்தால் ‘பௌட்’ என்று வரும். ஆனால் பௌட் என்பது கோபித்துக்கொண்ட குழந்தை உதட்டைத் துருத்துவது, அல்லது செல்ஃபிக்குக் காட்டும் உதடு. நாம் பிதுக்கினால் ‘தெரியாது’, ‘தேறாது’. வேலை என்னாயிற்று என்று கேட்டதற்கு அப்பா உதட்டைப் பிதுக்கினார் என்றால், ஆங்கிலத்தில் அவர் ஷ்ரக் செய்தார், அதாவது தோளைக் குலுக்கினார், என்பதுதான் சரியான மொழிபெயர்ப்பு. உதடே வேண்டுமென்றால் ‘டர்ன்ட் டௌன் த கார்னர்ஸ் ஆஃப் ஹிஸ் மௌத்’. இரண்டாவது, நாக்கைக் கடிப்பது. ஏதோ உளறிவிட்டு ‘ஐயையோ’ என்று நாக்கைக் கடித்துக்கொள்கிறோம், சொன்ன பிறகு. ஆங்கிலத்தில் ‘பிட் ஹிஸ் டங்’ என்றால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டார், சொல்வதற்கு முன்னால்.

ஐந்தாம் படி: தோளும் கையும்

ஷ்ரக் என்ற ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டாலும் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். தோளைத் தூக்கி இறக்குவது. தெரியாது, எனக்கென்ன, என்னால் என்ன செய்ய முடியும், பரவாயில்லை விடு — நான்குக்கும் அதுவே. ‘ஹி ஷ்ரக்ட்’ போதும். தோளைச் சேர்த்தாலும் தவறில்லை. கடைக்காரர் கையை விரித்தது ‘ஸ்ப்ரெட் ஹிஸ் ஹேண்ட்ஸ்’. வெறுத்துப்போய்க் கையை மேலே எறிந்தால் ‘த்ரூ அப் ஹிஸ் ஹேண்ட்ஸ்’. நெற்றியில் அடித்துக்கொள்வது ‘ஸ்லாப்ட் ஹிஸ் ஃபோர்ஹெட்’; முகத்தை உள்ளங்கையில் புதைத்துக்கொண்டால் இப்போதெல்லாம் ‘ஃபேஸ்பாம்’.

விரலால் சுட்டுவது ‘பாயிண்ட்’, கையசைப்பது ‘வேவ்’, கையாலோ விரலாலோ அருகே அழைப்பது ‘பெக்கன்’. சொடக்குப் போடுவது ‘ஸ்னாப்ட் ஹிஸ் ஃபிங்கர்ஸ்’, விரலில் நெட்டி எடுப்பது ‘க்ராக்ட் ஹிஸ் நக்கிள்ஸ்’. சோம்பல் முறிப்பதை இதோடு சேர்க்காதீர்கள், அது ‘ஸ்ட்ரெட்ச்’. மேசையில் விரலால் தாளம் போடுவது ‘ட்ரம்ட் ஹர் ஃபிங்கர்ஸ்’, பெரும்பாலும் பொறுமை போய்விட்டது என்று அர்த்தம். முழங்கையால் மெல்ல இடிப்பது ‘நட்ஜ்’. இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நிற்பதற்கு ‘ஆர்ம்ஸ் அகிம்போ’ என்று ஒரு பழைய அழகான தொடர் இருக்கிறது. பேச்சில் ‘ஹேண்ட்ஸ் ஆன் ஹர் ஹிப்ஸ்’ போதும்.

கை கட்டுவதில் கவனம் வேண்டும். ‘ஐயா முன்னால் கை கட்டி நின்றான்’ என்றால் நமக்குப் பணிவு. பள்ளிக்கூடத்தில் கை கட்டி, வாய் பொத்தி உட்கார வைத்தார்கள். ஆங்கிலத்தில் ‘ஸ்டுட் வித் ஹிஸ் ஆர்ம்ஸ் ஃபோல்டட்’ என்று எழுதினால் படிப்பவர் மனதில் ஒத்துக்கொள்ளாத, மூடிக்கொண்ட ஆள்தான் வருவார். பணிவு வேண்டுமென்றால் ‘ரெஸ்பெக்ட்ஃபுலி’ என்று சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

இருவர் கையை உயர்த்தித் தட்டிக்கொள்ளும் ‘ஹை ஃபைவ்’, பேஸ்பால் மைதானத்திலிருந்து பரவியது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 1977 அக்டோபர் 2 அன்று லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் டஸ்டி பேக்கரும் க்ளென் பர்க்கும் தட்டிக்கொண்டதைத்தான் முதல் ஹை ஃபைவ் என்பார்கள். நல்லது நடக்கட்டும் என்று விரலைப் பின்னிக்கொள்வது ‘கிராஸ்ட் ஃபிங்கர்ஸ்’.

ஆறாம் படி: உட்காரும் விதம், நடுங்கும் விதம்

கூன்போட்டுத் தளர்ந்து உட்காருவது ‘ஸ்லௌச்’, அது பழக்கம். களைப்பிலோ அதிர்ச்சியிலோ அப்படியே சரிவது ‘ஸ்லம்ப்’, அது ஒரு கணம். வயதாலோ தாழ்ந்த வாசலாலோ குனிவது ‘ஸ்டூப்’. கை, கால், பேனா என்று எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பது ‘ஃபிட்ஜெட்’. நெளிவது ‘ஸ்க்வர்ம்’.

ஃப்ளின்ச், வின்ஸ், க்ரிஞ்ச் மூன்றையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அடி விழப்போகிறது என்று சட்டென ஒதுங்கினால் ஃப்ளின்ச். ஊசி குத்தியதும் முகம் ஒரு நொடி சுளித்தால் வின்ஸ். அடுத்தவர் செய்யும் அசட்டுத்தனத்தைப் பார்த்து நமக்குக் கூசினால் க்ரிஞ்ச். கடைசியை நம் பிள்ளைகள் ஏற்கெனவே தமிழாக்கிவிட்டார்கள்: ‘செம கிரிஞ்சா இருக்கு’. அதில் உடம்பு கூசிக் குறுகும் அர்த்தம்தான் முதலில் வந்தது என்று தெரிந்தால் மற்ற இரண்டும் எளிதாக நிற்கும்.

நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இந்தப் படியில் ‘ஐ கான்டாக்ட்’டோடு வரும் வினைகளையும் எழுதிக்கொள்ளுங்கள்: கண் பார்த்துப் பேசத் தொடங்குவது ‘மேக்’, தொடர்வது ‘மெயின்டெய்ன்’, விலக்குவது ‘ப்ரேக்’, தவிர்ப்பது ‘அவாய்ட்’. அப்புறம் ஒரு எச்சரிக்கை. பேச்சில் 55 சதவீதம் உடல்மொழி, 38 சதவீதம் குரல், 7 சதவீதம்தான் சொற்கள் என்று பல ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புகளில் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அது உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு. ஒருவருடைய பிடித்தம், பிடிக்காமை பற்றிய பேச்சில், சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கேட்பவர் எதை நம்புகிறார் என்பதை ஒட்டியது. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்தக் கணக்கை நம்பிச் சொற்களைக் கைவிடும் மாணவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. நிமிர்ந்து உட்காருங்கள், கண் பார்த்துப் பேசுங்கள். ஆனால் வேலை கிடைப்பது என்ன பேசுகிறீர்கள் என்பதை வைத்துத்தான்.

ஏழாம் படி: ஒட்டி வரும் சின்னச் சொல்

பார்வைக்கும் முகத்துக்கும் பெரும்பாலும் ‘அட்’தான். க்ளேர் அட், ஸ்டேர் அட், விங்க் அட், ஃப்ரௌன் அட், க்ரின் அட். கையசைப்புக்கு ‘வேவ் அட்’, ‘வேவ் டு’ இரண்டும் வரும். கைகுலுக்கினால் ‘வித்’. சின்னச் சொல் மாறினால் சைகையே போய் வேறு பொருள் வந்துவிடும் இடங்களும் உண்டு. ‘ஃப்ரௌன் ஆன்’ என்றால் முகம் சுளிப்பதில்லை, ஒரு பழக்கத்தை ஏற்காமல் இருப்பது. ‘நாட் ஆஃப்’ என்றால் தூங்கி வழிவது. ‘ஷ்ரக் ஆஃப்’ என்றால் பொருட்படுத்தாமல் விடுவது. ‘டர்ன் எ ப்ளைண்ட் ஐ’ என்பதும் இந்த ரகம், கண்டும் காணாமல் இருப்பது. 1801-ல் கோபன்ஹேகன் கடற்போரில் பின்வாங்கச் சொல்லி வந்த கொடிச் சைகையை, பார்வையற்ற கண்ணில் தொலைநோக்கியை வைத்து ‘தெரியவில்லையே’ என்று பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் சொன்னதாக ஒரு கதை இந்தத் தொடரோடு எப்போதும் வரும்.

எட்டாம் படி: ஆங்கிலத்தில் பெயரில்லாத நம் சைகைகள்

பாட்டி நம் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறிக்கிறாள். பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடுகிறோம். சாமி படத்தைக் கால் தவறுதலாகத் தொட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். மூக்கில் விரல் வைத்து ஆச்சரியப்படுகிறோம். உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1969-ல் சைகைகளை ஐந்து வகையாகப் பிரித்தபோது, ஒரு கூட்டத்துக்குள் நேரடியாக ஒரு சொல்லுக்குப் பதிலாக நிற்கும் சைகையை ‘எம்ப்ளம்’ என்றார்கள். நாட்டுக்கு நாடு மாறுவது பெரிதும் இந்த வகைதான், அதனால் அதற்கு ஒற்றை ஆங்கிலச் சொல் தேடி அலைய வேண்டாம்.

செய்ய வேண்டியது இரண்டு: உடம்பு என்ன செய்தது என்று ஒரு துண்டு, எதற்காக என்று ஒரு துண்டு. நெட்டி முறிப்பதை ‘ஷி க்ராக்ட் ஹர் நக்கிள்ஸ் அகெய்ன்ஸ்ட் ஹர் டெம்பிள்ஸ் டு வார்ட் ஆஃப் தி ஈவில் ஐ’ என்று எழுதலாம். பின்பாதி இல்லாவிட்டால் பாட்டிக்கு விரல்வலி என்று நினைத்துக்கொள்வார்கள். கை கூப்புவதற்கு ‘நமஸ்தே’ என்று எழுதிவிடுவது சுலபம், ஆனால் மதுரைப் பெரியவர் கும்பிடுவதற்கு ‘ப்ரெஸ்ட் ஹிஸ் பாம்ஸ் டுகெதர் இன் க்ரீட்டிங்’ பொருத்தமாக இருக்கும். கோயிலில் என்றால் ‘இன் ப்ரேயர்’.

ஒன்பதாம் படி: ஒரே சைகை, வேறு செய்தி

சொல் தெரிந்தாலும் சைகை காலை வாரிவிடலாம். இரண்டு விரலை விரிக்கும் ‘வி சைன்’, 1941 ஜனவரியில் பெல்ஜிய அரசியல்வாதி விக்டர் டி லாவ்லே பிபிசி ஒலிபரப்பில் வி எழுத்தை வெற்றியின் அடையாளமாக முன்வைத்ததிலிருந்து பரவியது. சர்ச்சில் அதை உலகறியச் செய்தார். உள்ளங்கை வெளிப்பக்கம் இருந்தால்தான் அது வெற்றி. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பிக் காட்டினால் அது கெட்ட வசவு. 1992 ஜனவரியில் கான்பெரா போன அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், மூத்தவர், காருக்குள்ளிருந்து அப்படிக் காட்டியது பெரிய செய்தியானது. ‘தம்ப்ஸ் அப்’ தரையில் சபாஷ்; கடலுக்கடியில் நீச்சல் வீரர்களுக்கு அது ‘மேலே போகிறேன்’. நாம் உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து ‘இங்கே வா’ என்பதை அமெரிக்கர் சிலர் ‘போ’ என்று புரிந்துகொள்வார்கள்.

நாக்கால் எழுப்பும் ஒலியிலும் இது உண்டு. யாருக்காவது கஷ்டம் என்றால் உச்சுக் கொட்டுகிறோம். ஆங்கிலத்தில் ஏறக்குறைய அதே ஒலிக்கு ‘டட்’ என்று பெயர், அதில் பெரும்பாலும் கண்டிப்புதான் இருக்கும். துக்கம் விசாரிக்க வந்தவர் ‘டட்டட்’ என்று எழுதினால், வந்தவர் குறை சொல்லிவிட்டுப் போனார் என்றாகும். ‘மர்மர்ட் இன் சிம்பதி’ என்று எழுதுங்கள்.

பத்தாம் படி: பயிற்சி

உங்களுக்குப் பிடித்த ஒரு தமிழ்ப் படக் காட்சியை ஒலியை அணைத்துவிட்டு ஓடவிடுங்கள். ஒரு நிமிடம் போதும். நடக்கும் ஒவ்வொரு அசைவையும் நிறுத்தி நிறுத்தி ஒரு ஆங்கில வாக்கியமாக எழுதுங்கள். உதாரணமாக, பஸ்ஸில் ஒரு பெண் 500 ரூபாய்த் தாளை நீட்டுகிறாள். கண்டக்டர் தாளைப் பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார், தலையை ஆட்டுகிறார். அவள் கையை விரிக்கிறாள். அவர் பையைத் தட்டிக் காட்டுகிறார். பக்கத்துச் சீட்டுக்காரர் கமுக்கமாகச் சிரிக்கிறார், அவள் முறைக்கிறாள். எழுதினால் இப்படி வரும்: ‘த கண்டக்டர் க்ளான்ஸ்ட் அட் த நோட், சைட், அண்ட் ஷுக் ஹிஸ் ஹெட். ஷி ஸ்ப்ரெட் ஹர் ஹேண்ட்ஸ். ஹி பேட்டட் ஹிஸ் எம்ப்டி பேக். த மேன் நெக்ஸ்ட் டு ஹர் ஸ்னிகர்ட். ஷி க்ளேர்ட் அட் ஹிம்.’ ஆங்ரி என்ற சொல்லே வரவில்லை, கோபம் வந்துவிட்டது. கண்டக்டர் ஏன் ஸ்டேர் செய்யவில்லை, க்ளான்ஸ் செய்தார்? கூட்டமான பஸ்ஸில் அவருக்கு அவ்வளவு நேரம் இல்லை. இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் ஏன் இது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

போனிலும் பழகலாம். எமோஜி தேடும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஷ்ரக்’, ‘ஃபேஸ் பாம்’, ‘ரோலிங் ஐஸ்’ என்று தட்டிப் பாருங்கள், படம் வந்து நிற்கும். ஷ்ரக்கும் ஃபேஸ் பாமும் பின்னிய விரலும் எழுத்துகளுக்கும் எமோஜிகளுக்கும் உலகப் பொதுத் தரமான யூனிகோடின் 2016-ல் வந்த 9.0 பதிப்பில் சேர்ந்தவை. பெயரை மறைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்துச் சொல்லைச் சொல்லும் விளையாட்டாகப் பிள்ளைகளோடு ஆடலாம்.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் பரிந்துரைப்பது, காது கேளாதவர்களுக்காகப் போடும் ஆங்கில வசன வரிகள். ஓடிடி தளங்களில் மொழித் தேர்வில் சாதாரண ஆங்கில சப்டைட்டிலுக்குப் பக்கத்தில் ‘சிசி’ அல்லது ‘எஸ்டிஎச்’ என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் வசனத்தோடு ஒலிகளும் எழுத்தில் வரும்: பெருமூச்சுக்கு ‘சைஸ்’, திடுக்கிட்டு மூச்சிழுத்தால் ‘காஸ்ப்ஸ்’, ஏளனமாக மூச்சுவிட்டால் ‘ஸ்காஃப்ஸ்’, தொண்டையைக் கனைத்தால் ‘க்ளியர்ஸ் த்ரோட்’, மூக்கை உறிஞ்சினால் ‘ஸ்னிஃபில்ஸ்’. நடிகரின் முகமும் அதற்கான சொல்லும் ஒரே நொடியில் கண்முன் வருகின்றன. ஒரு தொடரின் ஒரு பகுதியை இப்படிப் பார்த்து, புதிதாக வந்ததை நோட்டில் சேர்த்துக்கொண்டு, மறுநாள் அந்தச் சொற்களை வைத்து உங்கள் வீட்டில் நடந்த எதையாவது ஐந்தாறு வரி எழுதிப் பாருங்கள்.